துடைத்த பிறகும் எரிந்த விளக்குகள்

அன்று சாயங்காலம், தாளத்தைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் சீக்வென்சர் பெட்டியின் நினைவகத்தை முழுக்கத் துடைத்த பிறகும், அதன் பொத்தான் வரிசையில் சில விளக்குகள் இரண்டிரண்டாக எரிந்துகொண்டிருந்தன. வாசிக்க உட்காருமுன் அதை வெறுமையாக்கிவிடுவது அவன் வழக்கம். நேற்றைய தாளத்தை இன்று சூடுபடுத்திப் பரிமாறுவது அவனுக்கு ஆகாது. மறுபடி துடைத்தான். விளக்குகள் மசியவில்லை.

பெட்டி எளிமையானதுதான். ஒரு வெளிச்சம் வரிசையில் ஓடும். அது எரிகிற பொத்தானைத் தொட்டால் சத்தம், அணைந்ததைத் தொட்டால் மௌனம், கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஓடவிட்டான். மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல், ஈரமாக, கனமாக ஓர் அடி, அதை ஒட்டி இன்னோர் அடி. தானாக வந்த ஒலியைத் துரத்தாமல் அதோடு கூடப் போவதுதான் அவன் கற்ற வாசிப்பு. கூட வாசித்த கூட்டாளி பிரிந்துபோனதிலிருந்து அந்த அறையில் அவனுக்கு எதிர்ப்பாட்டு கொடுக்க ஓர் ஆள் இல்லை. ஏங்கிப்போயிருந்தவன் சத்தத்தைக் கூட்டி, சூடேறிய ஒலிபெருக்கியில் தூசி பொசுங்கும் வாசனை எழ எழ, அந்த அடியைச் சுற்றி ஒரு மெட்டை அடுக்கிக்கொண்டே போனான்.

நடுவே அக்கா ஃபோனில் கூப்பிட்டாள்.

“கூட யாருடா வாசிக்கிறது?”

“யாருமில்லக்கா. நான் மட்டும்தான்.”

“பொய் சொல்லாத. கேக்கறப்பவே நெஞ்சு என்னமோ பண்ணுது. நிறுத்துடா அத.”

“முடிச்சிட்டுப் பேசறேன்” என்று வைத்துவிட்டான். யாரோ கூட இருப்பதாக அவளுக்கும் கேட்டதில் அவனுக்கு அற்ப சந்தோஷம்.

மெட்டு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் வேண்டுமே என்று ஒரு ஜோடி விளக்கை அணைத்தான். வெளிச்சம் அந்த இடத்தைக் கடந்தபோது அவன் நெஞ்சுக்குள் ஏதோ நின்று, கண் இருட்டி, பிறகு புறப்பட்டது. களைப்பு என்று நினைத்தான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்றது.

பதறிப்போய் விளக்கை ஏற்றினான். சரியாயிற்று. பயம் பிடித்துக்கொண்டதும், வேகக் குமிழை யாரும் தொடாமலே வெளிச்சம் விரைந்து ஓடத் தொடங்கியது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடியிலும் பெட்டியின் அதே அடி.

மின்கம்பியைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. பிடுங்கிவிட்டால்?

அப்போது ஓரத்து ஜோடி அணைந்தது. அவன் தொடவில்லை. அழுத்தினான். எரியவில்லை. அடுத்ததும் அணைந்தது. நெஞ்சில் பள்ளம். கூப்பிட ஆள் இல்லை. இன்னொன்று.

மிஞ்சியது ஒரே ஜோடி. இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பெட்டிக்குள்ளிருந்து, குளிர்ந்த இரண்டு விரல்கள், அவன் விரல்களை மெல்ல மேலே தள்ளின.