ஏழாவது வாக்கியம்

மணி அடித்தது.

துக்க வீட்டில் கூடியிருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணி வந்தது சபாநாயகத்தின் தொண்டையிலிருந்து. தாயைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கம்மா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்து அவர் வாயிலிருந்து, அவர் குரலிலேயே, ஆனால் அவருக்கு எந்தக் காலத்திலும் இல்லாத உற்சாகத்துடன், "ஊரே மணக்கும் சாம்பாருக்குக் கருடன் பெருங்காயம்! கேட்டு வாங்குங்கள், கருடன்!" என்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ரயில் கடந்துபோகக் காத்திருப்பவரைப் போலப் பொறுமையாக நின்றார். முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சபாநாயகத்தின் மனைவி மங்கையர்க்கரசி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எண்ணூர் மிதவை நகரில் தொண்டைப்பெட்டி வைத்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது உண்டு. புற்றுநோய்க்குக் குரல்வளையைக் கொடுத்தவர்கள், நகம் அளவுள்ள அந்தப் பெட்டியைக் கழுத்துக்குள் பொருத்திக்கொண்டால் பழைய குரலிலேயே பேசலாம். மாதாமாதம் கட்டணம் கட்டினால் சுத்தமான குரல். கட்ட முடியாதவர்களுக்கு இலவசக் குரல். அதில் ஏழாவது வாக்கியம் எப்போதும் நிறுவனத்துக்குச் சொந்தம். முன்னால் பேசிய ஆறையும் கேட்டு, பொருத்தமான விளம்பரத்தைப் பெட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கடல்நீர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற சபாநாயகத்துக்கு வாய்த்தது இலவசக் குரல்.

ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் வீட்டில் அவர் மணிக்கு ஆறு வாக்கியம் என்று பேசப் பழகிக்கொண்டார். முன்பெல்லாம் மூச்சு விடாமல் பேசிய மனுஷன். இப்போது சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூட, அதற்கு ஒரு வாக்கியம் செலவழிக்கலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே சாப்பிட்டுவிடுவார்.

இதெல்லாம் மங்கைக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவர்களுடைய ஒரே மகள் இளவேனில், நிலாவின் தென்முனைக் குடியிருப்பில் புருஷனோடு இருந்தாள். போன வருஷம், ஐந்து மாதக் கரு தங்கவில்லை என்று சொல்லி அழுதவளுக்கு அப்பா ஆறுதல் சொல்லப்போய், பதற்றத்தில் கணக்கு தவறி, மணி அடித்துவிட்டது. பெட்டி தேர்ந்தெடுத்தது பச்சிளம் குழந்தைகளுக்கான துவாலை. அன்றிலிருந்து இளவேனில் அம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள். கோபம் இல்லை, அந்த மணிச்சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் மறுபடி கர்ப்பம், ஏழு மாதம். குழந்தை பிறந்தால் அதன் காதில் முதலில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டியவர் தாத்தா. அந்த வீட்டு வழக்கம் அது. யாரைச் சொல்லவைக்கலாம் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் தெருமுனை வீட்டில் இருந்த பெனடிக்ட், 'அவிழ்' பற்றிச் சொன்னார்.

அந்தக் காலத்தில் எல்லாக் கருவிகளும் முத்திரையிட்டவை. கையிலிருக்கும் பேசி, சுவரிலிருக்கும் திரை, தொண்டையிலிருக்கும் பெட்டி எதுவானாலும், செய்த நிறுவனம் அனுமதித்ததை மட்டும்தான் செய்யும். வாங்கியவர் சொல்வதைக் கேட்கும் கணினி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் அவிழ். எங்கோ ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, கேட்பவர்களுக்கு மட்டும் செய்து கொடுத்தார்கள். கையடக்கம்தான், ஆனால் செங்கல் மாதிரி இருக்கும். விரலால் தட்டும் பொத்தான்கள் உண்டு. மின்கலம் அரை நாள் தாங்கினால் அதிகம். அதை வைத்துத் தொண்டைப்பெட்டியின் முத்திரையை உடைத்து, விளம்பரத்தை வழித்து எறிந்துவிடலாம். விலைதான், நிலாவுக்குப் போகும் ஒரு பயணச் சீட்டின் விலை.

மங்கையிடம் அந்த விலை இருந்தது. பள்ளி உணவகத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள், நிலாவுக்குப் போக. மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம்.

அவிழ் விலைக்குத் தகுமா என்று பெனடிக்டின் வீட்டுக்கே போய்க் கேட்டாள். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, அவிழ் சங்கத்தின் செயலாளர். கேள்வி முடிவதற்குள் பதில் தொடங்கிவிட்டது. மதியச் சோறு ஆறிப்போகும்வரை அது முடியவில்லை. அவருடைய மனைவி ஸ்டெல்லா இரண்டு தடவை காப்பி கொண்டுவந்தாள்.

"கேட்டுட்டீங்களா அக்கா" என்றாள் வாசல்வரை வந்து. "எங்க வீட்ல மூணு இருக்கு."

அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது பெருமையா அலுப்பா என்று மங்கைக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகப் பேசினார். "நீ நிலாவுக்குப் போ. வேனி பக்கத்துல நீ இருக்கணும். என் பேச்சு இப்ப யாருக்கு வேணும்? பேரை மாப்பிள்ளை சொல்லட்டும். அவரும் நல்ல மனுஷன்தான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

ஆறு ஆகிவிட்டது. ஏழாவதாக ஒன்று அவர் வாய்வரை வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து, கடலைப் பார்த்த ஜன்னலருகே போய் நின்றார்.

மங்கை மறுநாளே பயணச் சீட்டுக்கான பதிவை ரத்து செய்தாள்.

அவிழ் வந்தது. பெனடிக்ட் வந்தார். சபாநாயகத்தின் கழுத்துக்கும் அந்தச் செங்கல்லுக்கும் இடையே ஒரு கம்பியைப் பூட்டினார்கள். இரண்டு வாரம் அவர் அந்தக் கம்பியோடேயே சாப்பிட்டார், தூங்கினார், பொத்தான்களைத் தட்டினார். மூன்று முறை குரல் அடியோடு போய்த் திரும்பி வந்தது. ஒரு தடவை பெண் குரலாக வந்தது. ஒரு மாலை, கம்பியைக் கழற்றிவிட்டு மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"மங்கை" என்றார். "நீ இளைச்சுப்போயிட்டே. எனக்குத் தெரியாம இல்லை. உங்க அண்ணன் கல்யாணத்துல பச்சைப் புடவையில வந்து நின்னியே. அது இன்னும் கண்ணுலயே இருக்கு. இதையெல்லாம் சொல்லவே முடியாம இருந்தது."

இருவரும் மணிக்காகக் காத்திருந்தார்கள். அடிக்கவில்லை. "சாம்பார்ல உப்பு இல்லை, ஒரு வருஷமா" என்றார் ஏழாவதாக. மங்கை சிரிக்கவும் அழவும் தொடங்கினாள். நிலாவை விற்றது தகும் என்று அன்று அவளுக்குத் தோன்றியது.

அதன்பிறகு சபாநாயகம் பேசினார். விட்டுப்போன ஒரு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினார். முத்திரையை எப்படி உடைத்தார், மின்கலத்தை எப்படி மாற்றினார், பொத்தான்களுக்கு அடியில் எந்தப் பசையைப் போட்டால் சத்தம் மிருதுவாகும் என்றெல்லாம் பேசினார். குரல் கிடைத்த மனுஷன், பேசட்டும் என்று மங்கை விட்டுவிட்டாள். மீன் வாங்கப் போனால் மீன்காரியிடம் அவிழ். ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் டாக்டரிடம் அவிழ். பக்கத்து வீட்டுக்காரரின் தாய்க்கு மாதத் திதி நடந்த அன்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முத்திரை போட்ட பேசியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையாக நின்றார். வெகுநேரம் நின்றார்.

மங்கை தன்னையும் அறியாமல் வாக்கியங்களை எண்ண ஆரம்பித்திருந்தாள். எந்தப் பேச்சானாலும் ஏழாவதில் அவிழ் வந்துவிடும்.

ஐப்பசியில் குழந்தை பிறந்தது. பெண். நிலாவுக்குப் பேச வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வீட்டுக்கு எட்டு நிமிடம்தான் ஒதுக்கீடு. நேரம் முடிந்தால் இணைப்பு தானாக அறுந்துவிடும். பேர் வைக்கும் நாளன்று குளித்துப் பட்டுக் கட்டிக்கொண்டு இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். அங்கே இளவேனில், துணியில் சுற்றிய குழந்தையின் காதைப் பேசிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மட்டும் கொஞ்சம் மூடியிருந்தாள், மணிக்குப் பயந்து.

"வேனி, நல்லா இருக்கியாம்மா?" என்றார் சபாநாயகம். "பாப்பா உன்னை மாதிரியே இருக்கா. மூக்கு மட்டும் அம்மாவுது. ராத்திரி தூங்கவிடறாளா? போன வருஷம் நடந்ததுக்கு அப்பாவை மன்னிச்சிடு. அதை நினைக்காத நாளில்லை."

ஆறு. ஒரு கணம் கழித்து மகள் கண்ணைத் திறந்தாள். கன்னம் நனைந்திருந்தது. "மணியே அடிக்கலையேப்பா" என்றாள் மெதுவாக. "எப்படிப்பா?"

மங்கை கையை நீட்டுவதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அது ஒரு கணினி என்றார். வாங்கியவன் சொன்னதைக் கேட்கும் கணினி என்றார். முத்திரையின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். மங்கை முழங்கையைத் தொட்டாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். இதோ, ஒரே நிமிஷம் என்று சைகை செய்துவிட்டு, மின்கலத்துக்கு வந்தார். குழந்தை கொட்டாவி விட்டது. பேர் எழுதிய மஞ்சள் துணியை மங்கை அவர் மடியில் வைத்தாள். அவர் அதை எடுத்து அவிழின் திரையைத் துடைத்து, உயர்த்திக் காட்டினார். மாப்பிள்ளைக்கும் ஒன்று வாங்கச் சொன்னார். பாப்பாவுக்கும் இப்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது, வரிசை நீளம் என்றார்.

திரை இருண்டது. நிலாவிலிருந்து ஏற்கெனவே கிளம்பிவிட்ட குரல் மட்டும், ஒரு நொடி தாமதமாக, இருட்டுக்குள்ளிருந்து வந்து சேர்ந்தது.

"பழைய விளம்பரமே தேவலாம்மா. அது பத்து விநாடியில முடிஞ்சிடும்."