சாமிக்குத்தானே!

செம்மண்பட்டியில் தினமும் காலை நாலரை முதல் ஐந்தரை மணி வரை ஈர்ப்பு விசையைக் கால்வாசியாகக் குறைத்துவிடுவார்கள். முட்டிவலிக்காரர்கள் நடைப்பயிற்சி போக வேண்டுமல்லவா? செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கண்ணாடிக் கோளத்துக்குள் நாலாயிரம் பேரைக் குடியேற்றி நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. முட்டிவலிக்கு மட்டும் இன்னும் மருந்து வரவில்லை. ஆகவே அந்த ஒரு மணி நேரம் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் ஓர் எட்டுக்குப் பத்தடி வீதம் தெருவில் மிதந்து போவார்கள். எதிரே யாராவது மிதந்து வந்தால் அந்தரத்திலேயே "காபி ஆச்சா?" என்று கேட்டுவிட்டு இறங்குவார்கள்.

குழல்மொழியும் அப்படித்தான் போவாள், கையில் ஒரு மஞ்சள் பையோடு. வயது ஐம்பத்திரண்டு. கோளத்தின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் வேலை. அவளுக்குப் பின்னால் அவளுடைய பணியன் சுண்டு வரும். பணியன் என்றால் வீட்டுவேலை இயந்திரம். இடுப்பு உயரம், உருளை உடம்பு, மூன்று கைகள். மூன்றாவது கை பதினைந்தடி நீளும், நுனியில் கொக்கி. பரணிலிருந்து சாமான் எடுப்பதற்காகக் கொடுத்த கை அது. ஆனால் குழல்மொழி வீட்டில் பரணே கிடையாது.

அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மூச்சுச்செடி உண்டு. செம்பருத்தியோ நந்தியாவட்டையோ, மரபணுவைத் திருத்தி நூறு மடங்கு உயிர்க்காற்று விடும்படி செய்திருப்பார்கள். கோளத்தில் பூக்கும் ஒவ்வொரு பூவுக்கும் இதழடியில் கண்ணுக்குத் தெரியாத எண் இருக்கும். அடுத்தவர் பூவைப் பறிப்பது குற்றம். இது குழல்மொழிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சுண்டுவுக்குக் கண்ணைக் காட்டுவாள். கை நீளும், கொக்கி வளையும், பக்கத்து வீட்டுச் செம்பருத்தி பைக்குள் விழும். "சாமிக்குத்தானே" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். சொன்னதும் மனசு லேசாகிவிடும்.

அவள் வாசலிலும் ஒரு செம்பருத்தி குலுங்கக் குலுங்கப் பூத்து நின்றது. அதை அவள் பறிப்பதில்லை. வாசலுக்கு அழகாம். அதற்கு வலை வேறு போட்டிருந்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் மகா கண்டிப்பு. சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. பையைத் தூக்கி வரும்போது மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பணியனுக்குள் 'பார்வைப்பயிலி' என்று ஒன்று இருக்கிறது. எதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பார்த்தே கற்றுக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாகச் சுண்டு பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பன்னிரண்டுதான் இப்போது வினையாக வந்தது. பன்னிரண்டு வயது முடிந்த பணியன் உருக்காலைக்குப் போக வேண்டும் என்பது கோளத்துச் சட்டம். தப்ப ஒரே வழி, வேறெந்த இயந்திரத்துக்கும் வராத ஒரு மனிதத் திறனை ஊரறியக் காட்டிச் சான்று வாங்குவது. வாங்கினால் இன்னும் பத்து வருட ஆயுள். அந்தத் திறனையும் அன்றே ஊரிலுள்ள இரண்டாயிரம் பணியன்களுக்கும் ஊட்டிவிடுவார்கள். சுண்டுவுக்குக் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. சித்திரைத் திருவிழாப் பூ அலங்காரப் போட்டி வியாழக்கிழமை.

"விடுங்கம்மா, புதுசா வர்றதுல நாலு கை இருக்காம்" என்றது சுண்டு.

"வாயை மூடு" என்றாள் குழல்மொழி. சொல்லிவிட்டு அழுதாள். கணவர் பூமிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு அந்த வீட்டில் அவளோடு பேச அது ஒன்றுதான் இருந்தது.

போட்டி நேரம் ஒரு நாழிகை, அதாவது இருபத்து நாலு நிமிடம். இருபது மேடை, மேடைக்கு ஒரு பிள்ளையார், ஒரு மனிதர், ஒரு பணியன். நிலாவுக்கும் பூமிக்கும் நேரடி ஒளிபரப்பு. தீர்ப்பு சொல்வதும் சான்று தருவதும் நடுவன் என்கிற ஆறடி இயந்திரம். அதற்குச் சிரிக்கத் தெரியாது, சிபாரிசும் எடுபடாது. பக்கத்து மேடையில் யார் என்று பார்த்தால், பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி! அவள் தொட்டியில் மூன்று நீலத்தாமரைகள் தளதளவென்று மிதந்தன. குழல்மொழியிடம் ஒரே ஒரு வெள்ளைத்தாமரை. ஆறு மாதம் குளியல் தொட்டியில் வளர்த்தது. அந்த ஆறு மாதமும் அவள் வாளியில்தான் குளித்தாள்.

மணி அடித்தது. அப்பப்பா, என்ன வேகம்! சுண்டு ஒரு கையால் எருக்கம்பூ கோத்தது, இன்னொரு கையால் அருகம்புல்லைக் கட்டியது, மூன்றாவது கையால் குழல்மொழிக்கு விசிறியது. பிள்ளையாருக்குத் தோள் மாலை ஏறியது, இடுப்பில் மரிக்கொழுந்து ஏறியது, தும்பிக்கையில் மல்லிகைச் சரம் சுற்றியது. கூட்டம் "சுண்டு! சுண்டு!" என்று கத்தியது. ஐந்து நிமிடம் பாக்கி. கிரீடத்தில் தாமரையை வைத்தால் முடிந்தது. குழல்மொழிக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது.

அப்போது பார்த்து ஒளிபரப்புப் பெண் பறக்கும் கேமராவோடு வந்து சேர்ந்தாள்.

"அம்மா, செவ்வாய்ல பூத்த தாமரை! பூமியில பாக்கறவங்களுக்குச் சொல்லுங்க, வாசனை எப்படி இருக்கு?"

குழல்மொழி முகமெல்லாம் பல்லாகத் தாமரையை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தாள். "ஆஹா, அப்படியே..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

"ஐயையோ, மோந்துட்டா! மோந்துட்டா!" என்று பக்கத்து மேடையில் திரிபுரசுந்தரி குதித்தாள். வேடிக்கை பார்க்க வந்த நானூறு பேரும் உச்சுக் கொட்டினார்கள். மோந்த பூவைப் பிள்ளையார் தலையில் எப்படி வைப்பது?

"போச்சுடா சுண்டு, என் மூக்காலேயே உன்னைக் கொன்னுட்டேனே!"

"நாலு நிமிஷம் இருக்கும்மா. நீங்க சரத்தை முடிங்க."

அவள் சரத்தை முடிந்துவிட்டு நிமிர்ந்தபோது பிள்ளையார் கிரீடத்தில் ஒரு நீலத்தாமரை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எங்கேயிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. பூ விஷயத்தில் அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மணி அடித்தது, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நடுவன் வந்து எண்ணைப் படித்தது, பக்கத்துத் தொட்டியில் மீதியிருந்த இரண்டு தாமரைகளையும் பார்த்தது. "இந்தப் பூ பக்கத்து மேடையிலிருந்து வந்தது. பணியன்கள் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பணியனும் திருடியதில்லை. திருடினால் அது பழுது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் சொல்லி எடுத்தாய்?"

"யாரும் சொல்லலைங்க. பூ வேணும்னு தோணிச்சு. வழக்கமா எடுக்கறவங்ககிட்டயே எடுத்தேன்."

"வழக்கமாவா?" என்றாள் திரிபுரசுந்தரி.

"தினம் ஏழு செம்பருத்தி. வெள்ளிக்கிழமைன்னா பதினொண்ணு."

"அடிப்பாவி! பன்னெண்டு வருஷமா புழு திங்குதுன்னுல்ல மருந்து அடிச்சிட்டிருக்கேன்!"

மூன்று உலகமும் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரம் கெட்டுப்போய்விட்டது, எனக்கொன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் மானத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். குழல்மொழி சுண்டுவைப் பார்த்தாள். அது இன்னும் பூக்கட்டும் நாரைப் பிடித்தபடியே நின்றது.

"நான்தாங்க பழக்கினேன்" என்றாள். "கண்ணைக் காட்டுனது நானு. அதை ஒண்ணும் பண்ணாதீங்க, என்னை என்ன வேணா செய்யுங்க."

நடுவன் சுண்டுவின் பக்கம் திரும்பியது. "அடுத்தவர் பொருளை எடுத்தாய். தவறு என்று உனக்குத் தோன்றவில்லையா?"

"சாமிக்குத்தானே எடுத்தேன்?" என்றது சுண்டு, நிஜமாகவே புரியாமல்.

"சாமி பேரைச் சொல்லித் திருட்டா! நாசமாப் போக!" என்று திரிபுரசுந்தரி பொங்கினாள்.

"அம்மா, தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று அவள் பக்கம் திரும்பியது நடுவன். "இந்தத் தாமரையின் எண் ஆளுநர் மாளிகைக் குளத்தைச் சேர்ந்தது. அங்கே 'பூக்களைப் பறிக்காதீர்' என்று பலகை இருக்கிறது."

திரிபுரசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "பலகை இருந்தா என்ன? சாமிக்குத்தானே எடுத்தேன்?"

நடுவன் பதினொரு நொடி யோசித்தது. அது பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் யோசித்ததே இல்லை. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 'சாமிக்குத்தானே'யில் ஓர் எழுத்து வித்தியாசமில்லை, குரலில் இருந்த நம்பிக்கையிலும் வித்தியாசமில்லை.

"பூக் கட்டுவது இங்கே இருபது பணியன்களுக்கும் வருகிறது" என்றது. "தவறு ஒன்றைச் செய்து, அதற்கு நியாயமும் சொல்லி, அந்த நியாயத்தை மனதார நம்பவும் செய்வது வேறெந்த இயந்திரத்துக்கும் வந்ததில்லை. கலப்படமில்லாத மனிதத் திறன். சான்று வழங்கப்படுகிறது. பத்து வருடம்!"

குழல்மொழி சுண்டுவைத் தூக்கிக்கொண்டு மேடையில் சுற்றினாள். அழுதாள், சிரித்தாள், திரிபுரசுந்தரியைக்கூடக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் ஏனோ யாரும் திருட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் பூக்கூடையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் நிம்மதியாகத் தூங்கி ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். வாசலைத் திறந்து பார்த்தாள். வலை அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. செம்பருத்தியில் ஒரு பூ இல்லை, ஒரு மொட்டுகூட இல்லை.

தெருவைப் பார்த்தாள். கையில் மஞ்சள் பையோடு, கொக்கியை நீட்டியபடி, எட்டுக்குப் பத்தடி வீதம் இரண்டாயிரம் பணியன்கள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பறித்தன. வீட்டுக்கு வீடு ஒரே கூப்பாடு. தெருமுனையில் பணியன்கள் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் கம்பத்துக்குச் சந்தனம் பூசி, அடி முதல் நுனி வரை அலங்காரம் ஆகியிருந்தது. உச்சியில் சுண்டு கடைசிச் செம்பருத்தியைச் செருகிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, அது என் பூடா! ஒரு வார்த்தை கேக்காம அடுத்தவங்க வாசல்ல கை வைக்கலாமா?" என்று கத்திக்கொண்டே ஓடினாள் குழல்மொழி.

சுண்டு திரும்பக்கூட இல்லை.

"சத்தம் போடாதீங்கம்மா, சாமிக்குத்தானே! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மோந்துடப் போறீங்க."