இளஞ்சூடு

மீன் கொட்டகைப் பூனை அன்று காலையில் நேராக நடக்கவில்லை. செதிலும் குடலும் நாறும் ஈரத் தரையில், முன்னங்கால்கள் ஒரு பக்கமும் பின்னங்கால்கள் இன்னொரு பக்கமும் இழுக்க, தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் கழிவுத் தொட்டியின் விளிம்பில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பென்று உள்ளே விழுந்தது.

"பாரேன், காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கு," என்றாள் பக்கத்து மேசை அக்கா. கொட்டகையே சிரித்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். சிரித்த உதடு தன்னுடையது மாதிரி இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு இருக்குமே, அப்படித் தடித்துக் கிடந்தது.

ஆற்று வளைவில் ஆலை வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதன் குழாய் ஆற்றில் இறங்கும் இடத்தில், பறந்துகொண்டிருக்கும் காக்கைகள் அப்படியே விழுவதாகப் பேச்சு. தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் ஓடியது. மீனும் பளபளவென்றுதான் வந்தது. விலைபோகாததை வெட்டுகிற பெண்களே எடுத்துப்போகலாம் என்பது கொட்டகை வழக்கம். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தபோது இரண்டு வேளையும் அந்த மீன்தான், இப்போதும் அதுதான்.

"என்னடி இவ்வளவு ரத்தம்?" அக்கா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அது மீனோடது இல்ல. உன் கையப் பாரு!"

பார்த்தாள். இடது ஆள்காட்டி விரல் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வலிக்கவில்லை. யாரோ ஒருத்தியின் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காதான் துணியைக் கிழித்துக் கட்டினாள். "டாக்டர்கிட்ட காட்டு. பிள்ள எப்படி இருக்கான்?"

"நல்லாருக்கான்க்கா. அழவே மாட்டேங்கிறான்."

"கொடுத்து வெச்சவ நீ. என்னுது ராத்திரி பூரா உயிர வாங்குது."

கொடுத்து வைத்தவள்தான். தடுப்பூசி போட்டபோதும் அவன் அழவில்லை. நர்ஸ் சமத்து என்றாள். நேற்று, மாமியார் பார்க்காதபோது, அவன் தொடையில் நகம் பதியக் கிள்ளிப் பார்த்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். ஒரே ஒரு தடவை வீறிட்டு அழுதுவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியாரைக் காணவில்லை. குழந்தை கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. குளியலறை எப்போதும்போல் இருட்டாக, பூஞ்சைக் காளான் வாசத்தோடு, மூச்சை அடைக்கிற புழுக்கமாக இருந்தது. அகன்ற பேசினில் தண்ணீர் தயாராக இருந்தது. மாமியார் எப்போதும் இந்நேரத்துக்கு வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவி வைத்துவிடுவார். இருந்தாலும் கை விட்டுப் பார்க்காமல் எந்தத் தாய் பிள்ளையை இறக்குவாள்? வலது கையை மணிக்கட்டுவரை விட்டாள். துழாவினாள். சூடு தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. இளஞ்சூடுதான்.

உட்கார வைத்தாள்.

அவன் தண்ணீரைத் தட்டினான். அவள் முகத்தில் தெறித்தது. ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் மெல்ல மெல்ல மொண்டு ஊற்றினாள்.

"என் செல்லம். என் சமத்து."

வாசலில் வாளி வைக்கும் சத்தம். மாமியாரின் மூச்சிரைப்பு.

"வந்துட்டியாம்மா? குழாயில ஒரே கூட்டம். பச்சத் தண்ணி இப்பத்தான் கெடச்சுது. பேசின்ல கொதிக்கக் கொதிக்க ஊத்தி வெச்சிருக்கேன், பிள்ளைய அந்தப் பக்கம் விட்டுடாத!"

அவள் அசையவில்லை.

சொட்டுச் சத்தம். மாமியாரின் செருப்புச் சத்தம், நெருங்கி வந்தது.

தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை சிவப்பு. வெந்த இறால் மாதிரி.

இருட்டு என்று நினைத்தது இருட்டு இல்லை. ஆவி.

தூக்கு. தூக்கு அவனை.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பிடி வழுக்கி, அவன் மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே சரிந்து உட்கார்ந்தான். உள்ளங்கையோடு மெல்லிசாக ஏதோ உரிந்து வந்தது.

அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தட்டித் தட்டி, கலகலவென்று சிரித்தான்.