சுவரில் தொங்கிய ஸாட்டின்

வியாழக்கிழமை என்றால் விவேக் நகருக்கு விடியலே கொஞ்சம் முன்னதாக வந்துவிடும். குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தமும் ஆட்டோ ஹார்னும் மெழுகுவத்தி விற்கிறவர்களின் குரலும் ஒன்றாகக் கலந்து, முனி டெய்லர்ஸின் பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே நுழைந்து வரும். அந்தச் சத்தத்தின் நடுவே ஜானகி கணவனுக்கான காபியைக் கட்டிங் டேபிளில் வைக்காமல், பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அந்த டேபிளைத் தொடாமல் இருப்பது அவளுக்கு இருபத்து மூன்று வருடப் பழக்கம்.

டேபிளின் மேல் பன்னிரண்டு மீட்டர் வெள்ளை ஸாட்டின் விரித்துக் கிடந்தது. ஃபேன் காற்றில் அது மெல்ல மூச்சுவிட்டது. லவினாவின் கல்யாண கவுனுக்கான துணி. பத்து மணிக்கு அவள் வருவாள். மணப்பெண் எதிரில் நின்று சிலுவை போட்டுக்கொள்ள, முதல் வெட்டு விழவேண்டும். அது இந்தக் கடையின் வழக்கம்.

வெட்டப்போவது யார் என்பதுதான் தெரியவில்லை.

குடியாத்தத்திலிருந்து ஒரே ஒரு தையல் மெஷினோடு ரயிலேறி வந்தவன் அவள் கணவன் முனிகிருஷ்ணன். காக்ஸ் டவுனில் யாரோ ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தவன், இன்று இரண்டு கடைக்கு முதலாளி. ஆனால் போன மழைக்காலத்தில் வந்த பக்கவாதம் அவனுடைய வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. விரல்கள் இருந்தன. பிடி இல்லை.

மாடியிலிருந்து தம்பி நாகேஷும் அவன் மனைவி சுனிதாவும் இறங்கி வந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி கடையைப் பார்த்துக்கொள்வது நாகேஷ்தான். கம்பெனி யூனிஃபார்ம், பிளேசர் எல்லாம் அங்கே மெஷின் வெட்டும்.

"மாவா, பேசாம துணிய அங்க அனுப்பிடலாமே" என்றாள் சுனிதா, கணவனின் அண்ணனிடம். "மெஷின்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல ஆயிடும்."

"ஸாட்டின் வழுக்கும் சுனிதா. மெஷினுக்கு அடுக்கு அடுக்கா பேன்ட் துணி வெட்டத்தான் தெரியும். கல்யாண கவுன் கையாலதான் வெட்டணும்."

"அப்ப இவரு வெட்டட்டும்."

நாகேஷ் ஷட்டருக்கு வெளியே பார்த்தான். "எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு அண்ணா… எத்தினி வருஷமாச்சு."

ஜானகி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைக்க ஈரம் ஒன்றும் இல்லை.

"நான் வெட்டட்டுமா?"

சுனிதா சிரித்தாள். "அக்கா கத்திரிய எடுத்தா துணி அழுவும். தெரிஞ்சே இன்னொரு தபா அழவைக்கணுமா?"

முனிகிருஷ்ணன் கண்ணை மட்டும் சுவர் பக்கம் திருப்பினான். அது போதும்.

சுவரில், ஆணியில், ஒரு பழைய ஸாட்டின் துண்டு தொங்கியது. ஒரு கவுனின் முன்பாகம். வெள்ளை இப்போது பழுத்த வாழைப்பழத் தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. நீலச் சாக்பீஸ் கோடு மங்கலாகத் தெரிந்தது. வெட்டு அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே விலகிப் போயிருந்தது. வெளியே விலகினால் தையலில் சரிசெய்யலாம். உள்ளே போனால் துணி திரும்பி வராது.

அந்தத் துணி கெட்டபோது ஜானகிக்கு முப்பது வயது. ஃபிராக், ஜாக்கெட் எல்லாம் அவள்தான் வெட்டுவாள். அன்று முனிகிருஷ்ணன் லேஸ் வாங்க சிக்பேட்டை போயிருந்தான். திரும்பி வந்து, கெட்டுப்போன துணியைப் பார்த்து, "யார் வெட்டுனது?" என்றான். மூலையில் நாகேஷ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். மறுவாரம் அவனுக்கு நிச்சயதார்த்தம். பையன் கட்டிங் மாஸ்டர் என்று சொல்லித்தான் சுனிதாவின் அப்பா பெண் தரச் சம்மதித்திருந்தார். இன்னொரு துணி கெட்டால் ஊருக்கு ரயிலேற்றிவிடுவேன் என்று அண்ணன் முதல் நாள்தான் சொல்லியிருந்தான்.

"நான்தாங்க" என்றாள் ஜானகி.

ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவள் பட்டன் துளைக்குக் காஜா போட்டாள், ஓரம் மடித்தாள், கொக்கி தைத்தாள். தூக்கத்தில் மட்டும் அவள் கை வெட்டிக்கொண்டே இருக்கும். கனவில் துணி முடிவதே இல்லை. கோயில் மணி வரைக்கும், அதைத் தாண்டி வானம் வரைக்கும் வெள்ளையாக விரிந்துகொண்டே போகும். அவளுடைய கத்திரி அதற்குள் படகு மாதிரி போகும்.

"நானே வெட்டுறேன்" என்றான் முனிகிருஷ்ணன். "எடது கை இருக்குல்ல."

"எதுக்குங்க…"

"எதுக்கா? இந்தக் கடைல வெட்டுறவன் நான்தான், அதுக்கு."

ஜானகி அலமாரியிலிருந்து ஒரு லைனிங் துணியை எடுத்து, நாகேஷின் கையில் கொடுத்தாள். "மொதல்ல இதுல ஒரு கோடு போட்டுக் குடு நாகேஷா. உங்க அண்ணன் வெட்டிப் பாக்கட்டும்."

நாகேஷ் வலது கையால் ஒரு வளைவு வரைந்தான். முனிகிருஷ்ணன் பெரிய கத்திரிக்கோலை இடது கையில் எடுத்தான்.

கத்திரிக்கோலைப் பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்படி இல்லை. வலது கையில் பிடித்து அழுத்தும்போது, கட்டைவிரல் தள்ளுகிற தள்ளலும் மற்ற விரல்கள் இழுக்கிற இழுப்பும் சேர்ந்து இரண்டு அலகையும் ஒன்றோடொன்று உரசவைக்கும். அந்த உரசலில்தான் துணி அறுபடுகிறது. அதே கத்திரியை இடது கையில் பிடித்தால், அதே அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும். நடுவில் மாட்டிய துணி அறுபடாமல் மெல்லப்படும். இன்னொன்றும் உண்டு. மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்ளும். வெட்டுகிறவன் கோடு இங்கேதான் இருக்கும் என்று நம்பிப் போவான். கோடு அங்கே இருக்காது.

முனிகிருஷ்ணன் வளைவின் முடிவுவரை வெட்டினான். நெற்றியில் வியர்வை. துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

ஓரம் எலி கடித்ததுபோல் பிசிறியிருந்தது. வெட்டு, கோட்டிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே விலகியிருந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, தண்ணீருக்குள் நடப்பவனைப்போல் சுவர் பக்கம் போனான். ஆணியிலிருந்து பழைய துண்டை எடுத்தான். டேபிளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அதே பிசிறு. அதே விலகல், அதே பக்கம். இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்போல் கிடந்தன.

"தெனமும் பாத்தேனே" என்றான், யாரிடமும் இல்லாமல். "இருவத்தி மூணு வருஷமா தெனமும் பாத்தேனே…"

திரும்பி ஜானகியின் கையைப் பார்த்தான். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன வலது கை. பிறகு தம்பியைப் பார்த்தான்.

"சின்ன வயசுல நீ எடது கையாலதானடா எழுதுவ. நான்தான் ஸ்கேல்ல அடிச்சு மாத்துனேன். மணப்பொண்ணு துணில எடது கை படக்கூடாதுன்னு."

நாகேஷ் நிமிராமலே சொன்னான். "நீ இருக்கும்போது வலது கைல வெட்டுவேன். அது மெதுவாத்தான் வரும். அன்னிக்கு நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு… எடது கைக்கு மாத்துனேன் அண்ணா." அவன் டேபிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அதுக்கப்பறம் கத்திரியத் தொடவே பயம். அதனாலதான் மெஷின் வாங்குனேன். அதுல பட்டன் அமுக்குனா போதும். அண்ணி… சொல்லிடலாம், சொல்லிடலாம்னு பாத்தேன். ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாயிட்டே போச்சு."

சுனிதாவின் முகம் வெளுத்தது. "என் கல்யாணத்துக்காகவா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனப்ப… ஒரு தடவையாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா, உன் புருஷன நீ எப்படிப் பாப்ப?"

சுனிதா முகத்தை ஜானகியின் தோளில் புதைத்துக்கொண்டாள். ஜானகி அவள் முதுகைத் தட்டினாள். அழுதது சுனிதாதான். ஜானகியின் கண் உலர்ந்தே இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான் முனிகிருஷ்ணன்.

"நீங்க கேட்டாத்தானங்க சொல்றதுக்கு. நான்தான்னேன். நம்பிட்டீங்க. ஏழு வருஷம் உங்க பக்கத்துல நின்னு வெட்டுனவ நான். ஒரு கோடாவது தப்புனேனான்னு ஒரு தடவ யோசிச்சிருந்தா…" அவள் நிறுத்திக்கொண்டாள். "துணி கெட்டதுக்கு நான் அழல. நீங்க அத ஆணில மாட்டுனீங்க பாருங்க, அன்னிக்குத்தான் அழுதேன்."

வெளியே கோயில் மணி அடித்தது. ஷட்டருக்குக் கீழே குனிந்து லவினா உள்ளே வந்தாள். "குட் மார்னிங் அங்கிள். ஆன்ட்டி, லேட் ஆயிட்டேனா? இன்னிக்கு ஒரே கூட்டம்." எல்லோர் முகத்தையும் பார்த்துத் தயங்கினாள். "எனி பிராப்ளம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான் முனிகிருஷ்ணன். "உன் கவுன இவங்க வெட்டப்போறாங்க. இந்தக் கடைல இவங்களவிட நல்லா வெட்டுறவங்க கெடையாது. எனக்கே அது இன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

அவன் கத்திரிக்கோலை ஜானகியிடம் கொடுக்க, வலது கையைத் தூக்கப் பார்த்தான். அது பாதி எழும்பிச் சரிந்தது. இன்னொரு முறை முயன்றான். எழும்பவில்லை. இடது கையால் எப்படி நீட்டுவது என்று தவித்து நின்றான்.

"எடது கையாலயே குடுங்க" என்றாள் ஜானகி. "அந்தக் கை என்ன பாவம் பண்ணிச்சு?"

அவன் இடது கையால் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. துணியில் பட்டுவிடாமல் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நாகேஷா, எடது கைக்காரங்களுக்குன்னு கத்திரி தனியா செய்றாங்களாம். அலகு மாறியிருக்குமாம். ஒண்ணு வாங்கிட்டு வா. கத்திரிக்குப் பயந்துக்கிட்டு எத்தினி நாள் இருப்ப?"

லவினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜானகி டேபிளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. கீழ் அலகை டேபிளோடு ஒட்டவைத்து, ஸாட்டினுக்குள் நுழைத்தாள். கத்திரி மூடிய சத்தம் அவள் தினமும் கனவில் கேட்ட அதே சத்தமாக இருந்தது.

கோட்டின்மேலேயே போனது வெட்டு. ஆணி மட்டும் சுவரில் தனியாக நின்றது. முனிகிருஷ்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டே, துணி இரண்டாகப் பிரிந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.