பாரீஸ் தெருவில் காணாமல் போனவன்

1978 நவம்பர் 3, வெள்ளிக்கிழமை. காலை 6.30.

"என் புள்ளயக் காணும்! ஐயோ, என் புள்ளயக் காணும்!"

சகாயம்மாள் போட்ட கூச்சலில் காரைக்காலின் அந்தச் சிறிய தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்தன. அவருடைய மகன் சவரிநாதன் பாரீசுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது அவன் காணாமல் போயிருந்தது, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்திலிருந்து.

காலை 7.40. சப்-இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் வந்தபோது, பக்கத்து வீட்டு யாகப்பன் ஓர் ஆளைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். யாகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர். பிடிபட்டவர் போர்டு எழுதும் முத்தையன். மழை விட்டிருந்ததால், ஜன்னல்களுக்கு வர்ணம் பூச இரண்டு நாளாக அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்.

"வொய்லா! இதோ, இவன்தான் சார். முந்தாநாள் இந்தப் படத்தப் பாத்து, 'இது என்ன படம், வெறும் புள்ளி புள்ளியா இருக்கு, நான் சரி பண்ணித் தரவா'ன்னு கேட்டான். பண்ணிட்டான்!"

"கேட்டேன் சார்," என்றார் முத்தையன். "நான் எழுதுற சோடாக் கடை போர்டுல பாட்டிலாவது பாட்டிலாத் தெரியும். ஆனா நான் தொடல."

சுவாமிநாதன் எதிர்ச்சுவரை ஒட்டியிருந்த சகாயம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து ஓவியத்தைப் பார்த்தார். மழை பெய்து ஓய்ந்த ஒரு பெரிய நகரத்துத் தெரு. குடைகள், வண்டிகள், ஈரத் தரையில் உடைந்து கிடக்கும் விளக்கு வெளிச்சம். வலது ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் துணி.

"அங்கதாங்க நின்னான், நீலக் கோட்டு போட்டுக்கிட்டு," என்றார் சகாயம்மாள். "தெருவுல ஒருத்தர் வரைஞ்சுக்கிட்டிருந்தாராம். இவன் போய் நின்னிருக்கான், இவனையும் சேத்து வரைஞ்சுட்டாராம். அத வாங்கி எனக்கு அனுப்பினான். தினம் எந்திரிச்சதும் இங்கேருந்துதான் அவனப் பாப்பேன்."

"கடைசியா எப்பக் கடுதாசி போட்டாரு?"

"பாஸ்காத் திருநாளுக்கு, மார்ச்சு மாசம். வேலை ஜாஸ்தியாம், இவ சொல்றா."

இவள் என்றது மகள் அந்தோணிமேரியை. பள்ளிக்கூட ஆசிரியை. காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தாள்.

"நேத்து அந்த உருவத்த எப்பப் பாத்தீங்க?"

"சாயங்காலம் அஞ்சரைக்கு. நேத்து கல்லறைத் திருநாளு. வீட்டப் பூட்டிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். எட்டு மணிக்கு வந்தா கரண்ட் இல்ல. அப்படியே படுத்துட்டேன்."

"முத்தையன்?"

"அஞ்சுக்கே போயிட்டாரு."

"சாவி?"

"ஒண்ணுதான். இவகிட்ட இருந்துச்சு."

"சாவி எதுக்கு சார்?" என்றார் யாகப்பன். "கூடத்து ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. பெயிண்ட் காயட்டும்னு தொறந்து போட்டிருந்துச்சு. இவனுக்கு அது தெரியாதா?"

சுவாமிநாதன் ஜன்னலைப் பார்த்தார். நேற்று மாலை பூசிய பச்சை வர்ணம் இன்னும் விரலில் ஒட்டியது. சட்டத்திலோ கீழ்ப்படியிலோ ஒரு கீறல் இல்லை, கைத்தடம் இல்லை. இரண்டு கொசுக்கள் மட்டும் சிக்கிச் செத்திருந்தன.

பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஓவியத்துக்கு நான்கு விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்தார். தெரு மறைந்துவிட்டது. குடை இல்லை, வண்டி இல்லை. தடித்த வர்ணத் தீற்றல்கள் மட்டுமே. வெறுமையான இடத்தில் துணியின் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. வெள்ளைப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈரத்தில் பட்ட வெளிச்சம் அவை. ஒவ்வொரு பொட்டுக்கும் நேர் மேலே ஒரு விளக்கு இருந்தது. வெறுமையின் விளிம்பில் இருந்த ஒரு பொட்டுக்கு மட்டும் விளக்கு இல்லை. அதை நகத்தால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. நகத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். அந்தோணிமேரி தலைகுனிந்துகொண்டாள்.

காலை 8.15.

"நான் நெடுங்காட்டுல இந்துக் குடும்பத்துல பொறந்தவன்மா. உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. கல்லறையில என்ன செய்வீங்க?"

"பூப் போடுவோம், செபம் சொல்லுவோம். எங்க வீட்டுல செத்தவுங்க ஒருத்தருக்கு ஒரு மெழுகுத்திரி. எங்க வீட்டுக்காரரு, மாமியா, பொறந்து மூணாம் நாளே போன என் மூத்தது. மூணு பேரு, மூணு திரி. இவ என்னடான்னா நாலு வாங்கிட்டு வந்தா. கேட்டா, ஒண்ணு உடைஞ்சா ஆகும்ங்குறா. ஒண்ணும் உடையல. நடுவுல தீப்பெட்டி நமுத்துப் போச்சுன்னு வீட்டுக்கு வேற ஓடிவந்தா."

"அந்த மிச்சத் திரி எங்கம்மா?"

"எங்கடி அது?"

மகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சார் சுரண்டினேன்," என்றார் முத்தையன் திடீரென்று. "எழுதிக்குங்க."

"பாத்தீங்களா!" என்றார் யாகப்பன்.

சுவாமிநாதன் முத்தையனை வாசலுக்கு அழைத்துப் போனார். "எதால சுரண்டின?"

"கத்தியால."

"கத்தி பட்டா நூல் அறுந்திருக்கும். ஜன்னல் வழியா வந்திருந்தா கொசு மாதிரி நீயும் ஒட்டியிருப்ப. எதுக்குப்பா பொய் சொல்ற?"

முத்தையன் குரலைத் தாழ்த்தினார். "காலைல வந்ததும் அந்த மெழுகை நானும் பாத்தேன் சார். டீச்சரம்மா மூஞ்சியும் பாத்தேன். என்னமோ பெரிய துக்கம். நேத்து மதியம் என்னைய உள்ள உக்காத்தி வெச்சு இலை போட்டாங்க சார். இத்தன வருசத்துல எந்த வீட்டுலயும் என்னைய உள்ள உக்காரச் சொன்னதில்ல."

ஓர் இலைச் சோறு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுவந்து நிறுத்தும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

சுவாமிநாதன் தெருவைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஒரு தாய் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், நாளை முதல் இந்த மனிதனை எந்த வீட்டு வாசற்படியும் ஏற விடமாட்டார்கள். தெரு முழுவதும் ஏற்கெனவே கூடியிருந்தது.

உள்ளே வந்து, மிக மெதுவாகக் கேட்டார்:

"டீச்சரம்மா, நாலாவது திரி யாருக்கு?"

சகாயம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. டம்ளர் அந்தோணிமேரியின் கையிலிருந்து விழுந்தது.

"அண்ணனுக்கு," என்றாள். "ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துக்குக் கடுதாசி வந்துச்சு சார். ஆஸ்பத்திரியில இறந்துட்டான்னு. அம்மாவுக்கு நெஞ்சுல கோளாறு, அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அண்ணனுக்கு இங்க கல்லறை ஏது? அதான் இங்க வந்து கொளுத்தினேன். கரண்ட் இல்ல. ஒரு தடவ அவன் முகத்தப் பாக்கணும்போல இருந்துச்சு. முக்காலி போட்டு ஏறித் திரியக் கிட்டப் பிடிச்சேன். கிட்டப் போனா முகமே இல்ல சார். ரெண்டு நீலக் கோடுதான்."

"திரி சாஞ்சு மெழுகு சொட்டிருச்சு," என்றார் சுவாமிநாதன். "இறுகின மெழுகைப் பிச்சீங்க. வர்ணமும் அதோட வந்துருச்சு."

"ஆமா சார். முத்தையனப் பிடிச்சப்பவே சொல்லியிருக்கணும். அம்மா முன்னால எப்படிச் சொல்ல? என்ன மன்னிச்சிருங்க முத்தையன்."

யாகப்பன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சகாயம்மாளையே பார்த்தார்கள். நெஞ்சில் கை வைத்தபடி அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜூன்லயா?" என்றார் கடைசியில். "அஞ்சு மாசமா யார்கிட்டடி அழுத?"

"யார்கிட்டயும் இல்லம்மா."

"இங்க வா."

மகள் தரையில் உட்கார்ந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே சகாயம்மாள் சொன்னார்: "யாகப்பா, மாதா கோயில்ல சொல்லித் துக்க மணி அடிக்கச் சொல்லு. என் புள்ளைக்கு யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க."

யாகப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முத்தையன்தான் போனார்.

காலை 9.10. துக்க மணி அடித்தது. அடுத்த தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று, இன்று யார் வீட்டில் சாவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.