அவசர எக்களிப்பு

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். கடிகாரமானாலும் சரி, வார்த்தையானாலும் சரி.

பள்ளி விட்டு வந்து தம்பியோடு லிஃப்டில் ஏறினாள். ஆறாம் மாடித் தையல்கார மாமாவும் கையில் இரும்பு ஸ்கேலோடு ஏறிக்கொண்டார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு வார்த்தை படிச்சேன்னியே, எக்களிப்பு, அப்படின்னா என்ன?"

"வெறும் சந்தோஷம் இல்லடா. மிட்டாய் கிடைச்சா வர்றது சந்தோஷம். பந்தயத்துல ஜெயிச்சதும் உள்ளே அடங்காம, கத்திக் குதிக்கத் தோணுமே, அது எக்களிப்பு."

"நான் எக்களிச்சதே இல்லையே!"

டக்!

கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. கூரையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

"கயிறு அறுந்துடுமா?" தம்பி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அவளுக்கும் பயம்தான். ஆனால் போன மாதம் லிஃப்ட் மெக்கானிக்கைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தவள் அவள்.

"அறுந்துடாது. பிரேக்கை விலக்கி வைக்கத்தான் கரண்ட் வேணும். கரண்ட் போனா ஸ்பிரிங் தானா கவ்விக்கும். இப்ப அது நம்மளைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு."

மணியை விடாமல் அழுத்தினாள். மாடிப்படியிலிருந்து வாட்ச்மேனின் குரல் கேட்டது. "பயப்படாதீங்க! மேல மோட்டார் ரூமுக்குப் போறேன். கையால பிரேக்கைத் தளர்த்தி மூணாம் மாடிக்கு இறக்கிடறேன்!"

"அவன் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு மூச்சு நின்னுடும்," என்றார் மாமா. கதவிடுக்கில் ஸ்கேலைச் செருகி நெம்பினார். லிஃப்ட் கதவும் அதோடு நான்காம் மாடிக் கதவும் விலகின.

எதிரே சுவர். மாமாவின் நெஞ்சு உயரத்தில் நான்காம் மாடித் தரை. அதற்கு மேலே ஓர் இடைவெளி, வெளிச்சம்.

"திறந்துட்டேன்! யாருகிட்ட!" மாமா ஸ்கேலை அந்தத் தரை விளிம்பில் வீசிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

"அக்கா, இதுதானே எக்களிப்பு?"

"இதேதான். ஆனா மாமா இன்னும் ஜெயிக்கல."

மாமா தரையில் கையூன்றி எம்பினார். அவள் மனதில் அடுத்து நடக்கப்போவது ஓடியது. கதவு திறந்திருப்பது மேலே இருக்கும் வாட்ச்மேனுக்குத் தெரியாது. பிரேக் தளரும். லிஃப்ட் இறங்கும். கூரையும் கூடவே இறங்கும். அந்த இடைவெளி மூடும். நடுவில் மாமா!

"மாமா, இறங்குங்க!"

"சும்மா இரும்மா, ஒரே எம்பு!"

அவள் பாய்ந்து ஒரு காலைக் கட்டிக்கொண்டாள். "தம்பி, அந்தக் காலைப் பிடி!"

"விடுங்க பசங்களா! பேன்ட் கழண்டுடும்!"

"கழண்டா கழலட்டும்!"

மூவரும் பொத்தென்று உள்ளே விழுந்தார்கள். மாமா திட்ட வாயைத் திறந்தார்.

கிர்ர்ர்... லிஃப்ட் இறங்கியது. இடைவெளி ஒரு முழமானது, சாணானது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேலைக் கூரை அழுத்தியது. இரும்பு ஸ்கேல் அப்பளம்போல மடங்கியது. பிறகு வெளியிலிருந்து வந்த வெளிச்சமே இல்லை.

மாமா திறந்த வாயை மூடவில்லை.

மூன்றாம் மாடியில் நின்றதும் அந்த மாடிக் கதவைக் கையால் தள்ளி வெளியே வந்தார்கள். மாமா அளவெடுப்பவர்போலத் தன் இடுப்பையே தடவித் தடவிப் பார்த்தார்.

பிறகு தம்பியின் வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. "ஹேய்ய்ய்!"

அவள் குதித்தாள். தம்பி குதித்தான். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மாமாவும் குதித்தார். கத்தலில் கதவுகள் படபடவென்று திறந்தன. கரண்டியும் கையுமாக ஓர் அத்தை ஓடிவந்தார்.

"ஐயோ, என்னாச்சு? என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அத்தை!" தம்பி அவர் கையைப் பிடித்துச் சுற்றினான். "ஒண்ணுமே ஆகல!"