உப்பு பத்தலை

சாம்பாரில் உப்பே இல்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். அமராவதி அடுப்படிக்குத் திரும்பிப் போய், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. வாதாட அவளுக்குத் தெம்பில்லை. தூள் உப்பு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை நிரப்பப் போனாள். வந்து பார்த்தால் இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது. டப்பா காலி.

பெருமுக்கல் பக்கம் மாந்தோப்புக்கு நடுவில் இருந்த அந்தப் பண்ணை வீட்டில் அவளுக்கு இரண்டு வேலை. வந்து தங்குகிறவர்களுக்குச் சமைக்க வேண்டும்; பகலில் வேனில் கூட்டிக்கொண்டு போய் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாரியவள். சுனாமிக்குப் பிறகு நாலு மாதம் ஆளே வராமல் கிடந்த பண்ணைக்கு இந்த மே மாதம்தான் மறுபடியும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இந்த வாரத்தில் இது அஞ்சாவது சுற்று. அதே மலை, அதே கோட்டை, அதே கதை. காலையில் எழுந்ததிலிருந்தே முழங்கால் இரண்டும் கடுத்தன.

இவர்கள் சென்னைக் குடும்பம். கலையரசன், அவன் மனைவி சங்கீதா, ஏழு வயது மகள் இலக்கியா. முந்தாநாள் வந்திறங்கியபோது நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்கள். ரசம் காரம் என்று இலக்கியா அமராவதியின் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நேற்று சாயங்காலம் மூன்று பேரும் தாங்களாகவே கடலில் குளிக்கப் போய், இருட்டிய பிறகு சொட்டச் சொட்டத் திரும்பினார்கள். அதிலிருந்து பேச்சுக் குறைந்துவிட்டது.

மலைக்கோயிலுக்குப் படியேறும்போது அமராவதி வழக்கமாகச் சொல்வதையெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மேலே, காய்ந்த புல்லும் வௌவால் எச்சமும் கலந்த வாடையில், சூடேறிக் கிடந்த பாறைமேல் இலக்கியா குப்புறப் படுத்திருந்தாள். "சுடுது பாப்பா, எழுந்திரு" என்று தூக்கிவிட்டபோது பாறையில் ஈரம் தெரிந்தது. நாக்கு அகலத்துக்கு ஒரு கோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அதைக் குடித்துவிட்டது.

ஆலம்பரைக் கோட்டையில் இடிந்த செங்கல் மதிலின் நிழலில் புளிசாதத்தைப் பிரித்து வைத்தாள். யாரும் தொடவில்லை. கழிமுகத்திலிருந்து வந்த காற்று ஓட்டைகளில் புகுந்து ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருந்தது. சங்கீதா தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவாக, நிதானமாக, பூனை மாதிரி நக்கினாள். கலையரசன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு ரொம்ப வேர்க்குதே" என்றாள் சங்கீதா. அவள் பார்வை அமராவதியின் கழுத்தில் இருந்தது.

"வெயிலுங்க மேடம்." அமராவதி முந்தானையை எடுத்தாள்.

"துடைக்காதீங்க."

அமராவதி எழுந்து, கால் வலியையும் பார்க்காமல், வேனுக்கு நடந்தாள். டிரைவர் காசிலிங்கம் ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்தார்.

"அண்ணே, நேரா வீட்டுக்குப் போயிடலாம். இவங்க ஒரு மாதிரியா இருக்காங்க."

"உப்பளம் இருக்குதேம்மா. காட்டாம போனா முதலாளி நம்மளத்தான் கேப்பாரு." அவர் கொட்டாவி விட்டார். "பத்து நிமிஷம். நின்னு பார்த்துட்டு வந்துடுங்க."

அவளுக்கும் அலுப்பு. பத்து நிமிஷம்தானே என்று விட்டுவிட்டாள்.

மரக்காணத்தில் வண்டி நின்றபோது வெயில் சாய்ந்து, உப்புப் பாத்திகளெல்லாம் ரத்தம் கலந்த பால் போலக் கிடந்தன. வேலையாட்கள் காலையிலேயே வாரிக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். டீசல் மோட்டார் சத்தம்கூட இல்லை. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரப்போரம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் வரிசையாக இருந்தன. காசிலிங்கம் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். கதவைத் திறந்ததும் மூன்று பேரும் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினார்கள்.

"வரப்பு மேல நடங்க. கால் வெடிச்சிடும்" என்றாள் அமராவதி.

அவர்கள் பாத்திக்குள் நடந்தார்கள். வேகமாக. பழகின காலே எரிகிற தண்ணீரில், பழகாத மூன்று ஜோடிக் கால்கள் தயங்காமல் போயின. அவள் வரப்பில் கெந்திக் கெந்திப் பின்னால் போனாள். திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பெரியவர்கள் எப்படியோ போகட்டும், குழந்தையை எப்படி விட்டுவிட்டு வருவது? முந்தானையில் மூக்கைத் துடைத்த குழந்தை.

நாலாவது குவியலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மறைந்தார்கள்.

"பாப்பா."

ஒரு சத்தம் மட்டும் வந்தது. நறநறவென்று. மாடு அசைபோடுகிற மாதிரி, நிதானமாக, நிற்காமல்.

சுற்றிக்கொண்டு போனாள்.

மூன்று பேரும் முட்டி போட்டிருந்தார்கள். கீற்றைப் பிய்த்துத் தள்ளியிருந்தார்கள். முகம் உப்புக்குள் புதைந்திருந்தது. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். வாயால் மட்டும். இலக்கியாவின் உதடு வெடித்து, அவள் தின்கிற இடம் சிவந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"போதும் பாப்பா. வா. நாம போயிடலாம்." அமராவதி கெஞ்சினாள். குனிந்து தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் ஜில்லென்று இருந்தது. அசையவில்லை.

அப்போதுதான் கேட்டது. அடுத்த குவியலுக்குப் பின்னாலும் அதே நறநறப்பு. அதற்கு அடுத்ததிலும். வரிசை முழுக்க. கடைசி வரைக்கும்.

வரப்பின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

முதுகுகள். குனிந்த முதுகுகள். பொம்பளைகள், ஆம்பளைகள், கைக்குழந்தைகள். இத்தனை வெயில் காய்ந்த நாளில் எல்லாருடைய தலைமுடியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நேற்று இவர்கள் கடலிலிருந்து திரும்பியபோது சொட்டின மாதிரியே.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். காசிலிங்கத்தைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமில்லாமல், பொலபொலவென்று.

இலக்கியா தின்பதை நிறுத்தினாள்.

திரும்பினாள். வரப்பில் ஏறி வந்தாள். இரண்டு கையாலும் அமராவதியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் வழிந்ததைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை நக்கினாள். நாக்கு உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"இது நல்லா இருக்குது" என்றாள்.

ஒவ்வொரு குவியலாகச் சத்தம் நின்றது. ஈரத் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பின.

அழக் கூடாது. அழக் கூடாது என்று அமராவதி கண்ணை இறுக்கி மூடினாள். மூடிய கண்ணிலிருந்தும் வழிந்தது. பாத்தித் தண்ணீரில் காலடிகள் கேட்டன. நிறையக் காலடிகள். யாரும் அவசரப்படவில்லை.